மதுமதியின் தொண்டை

தில்லி முனிர்காவில் அம்சவேணியின் இட்லி மாவுக்கு நல்ல பேர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்துகளுக்குள், அறைக்கு மூன்று பேராகக் குடியிருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் வீட்டுப் படி தெரியும். நான்காவது மாடி. மூச்சிரைக்க ஏறி வந்து, வாசலில் நின்று, “அக்கா, ஒரு கிலோ” என்பார்கள். இட்லி கல்லாக வந்தது என்று இதுவரை ஒரு பிள்ளையும் வந்து நின்றதில்லை.

அவள் புருஷன் ஜோதிலிங்கத்துக்கு மத்தியப் பாதுகாப்புப் படையில் காவலர் வேலை. மெட்ரோ நிலையத்து வாசலில் எட்டு மணி நேரம் நின்று, உள்ளே போகிறவர்களின் உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டு நான்கு வருஷமாயிற்று, இன்னும் முறை வரவில்லை. வருகிறவரை முனிர்காதான். சும்மா உட்கார அம்சவேணிக்குத் தெரியாது. ராசிபுரத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த கிரைண்டரை மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டால் ஆறு மணிவரை ஓடும். அரிசி, உளுந்து, மறுபடி அரிசி. அந்த மூன்று மணி நேரம்தான் அவள் ஒரு நாளில் தரையில் உட்காருகிற நேரம். ஒரு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே மகளுக்குப் பேசப் பழக்கினாள். இதில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மகள் மதுமதிக்கு ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும். சொன்னதெல்லாம் புரியும், சொல்லாததும் புரியும். பேச்சுதான் வராது. லக்ஷ்மிபாய் நகரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரோஹிணி அதற்கு அப்ராக்சியா என்று பேர் சொன்னாள். ரோஹிணி தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகக் குடும்பம்.

“என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியும், அம்சவேணி. நாக்கு, உதடு, தொண்டை, எது முதல்ல அசையணும், எது அப்புறம்னு மூளைலேந்து ஆர்டர் போறதில்லையா, அந்த வழியிலதான் தடங்கல். ஒவ்வொரு வார்த்தையும் நூறு தடவை சொல்லிச் சொல்லித்தான் உக்கார வைக்கணும். ஜல்தி பண்ணினா நடக்காது.”

நூறு தடவை என்றால் அம்சவேணி முந்நூறு தடவை சொல்ல வைப்பாள். அவள் சுபாவம் அது. இரண்டு வருஷத்தில் பதினொரு வார்த்தை சேர்ந்திருந்தது. அம்மா, அப்பா, பூ, போ, வா, தா, பால், மாவு, ஆமா, மாமா, பாப்பா. அரிசி களைகிறபோது விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வாள். வேறு யாருடைய வீட்டிலும் வார்த்தையை இப்படி எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த வார்த்தைகள் வருகிற குரல் ஒரு மாதிரியான குரல். ஐந்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து பெரிய மனுஷன் ஒருவன் கமறிக்கொண்டு பேசுகிறாற்போல் இருக்கும். சில நேரம் பாதியில் காற்றாகப் போய்விடும், சில நேரம் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வரும். ஏற்ற இறக்கமே கிடையாது. கீழ் வீட்டுச் சொந்தக்கார அம்மாள், ஜாட் சாதிக்காரி, முதல் தடவை கேட்டபோது முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவளுடைய பேத்தி பிஹூவுக்கும் அதே ஐந்து வயது. படிக்கட்டு முழுக்க அவள் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்கிறபோதெல்லாம் அம்சவேணி கதவைச் சாத்துவாள். பொறாமை என்றே சொல்லலாம், அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

குரலைப் பற்றியும் ரோஹிணி சொல்லியிருந்தாள். இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு வாய் மட்டும் இல்லை, தொண்டையும் நேரத்துக்குத் திறக்காது, நேரத்துக்கு மூடாது, அதனால் கரகரப்பு இருக்கலாம் என்று. அதைக் கேட்டுத்தான் அம்சவேணி நிம்மதியாக இருந்துவிட்டாள். குரல் கெட்டபோதும் அது நோயோடு வந்த குரல் என்றே நினைத்தாள்.

தீபாவளி கழிந்து புகை இறங்கியது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியாது. தொண்டை கட்டாத ஆள் ஊரில் இல்லை. மதுமதியின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. புகை என்றார்கள் எல்லாரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளை பாயில் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, உதட்டைச் சரியாகக் கூட்டி, “ம்மா” என்றது. உதடு சொன்னது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

புருஷனுக்குப் போன் போட்டாள். டியூட்டியில் இருந்தவன் எடுக்கவில்லை. ரோஹிணிக்குப் போட்டாள்.

“நேத்து வீட்ல ப்ராக்டிஸ் பண்ணினதை ரெக்கார்ட் பண்ணியிருக்கேளா? இல்லையா? பழசு ஏதாவது? அச்சா, அதை அனுப்புங்கோ.”

பழசு ஒன்று இருந்தது. ஊரிலிருக்கிற தங்கைக்குக் காட்டுவதற்காகப் பத்து நாள் முன்பு எடுத்தது. அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் ரோஹிணி திரும்பக் கூப்பிட்டாள்.

“பின்னாடி என்ன சத்தம் அது?”

“கிரைண்டருங்க மேடம். மாவாட்டறப்பத்தானுங்க எனக்கு உக்கார நேரம்.”

“தினமுமா?”

“தினமுமுங்க. ஒரு நாள் விட்டதில்லீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரமுங்க.”

அம்சவேணி போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“அம்சவேணி, அந்தச் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு குழந்தை கத்தியிருக்கா. நீங்களும் அதுல ‘சத்தமா, சத்தமா’ன்னு சொல்றேள். கேட்டுப் பாருங்கோ. நான்தான் எங்க வெச்சு பண்றேள்னு மொதல்லயே கேட்டிருக்கணும். நாளைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட போங்கோ.”

அவள் கேட்டுப் பார்த்தாள். கிரைண்டர் கடகடவென்று ஓடுகிறது. அதற்கு மேலே ஒரு பொம்பளை, “கேக்கல கண்ணு, இன்னுஞ் சத்தமா, வயித்துல இருந்து” என்கிறாள். பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டு கத்துகிறது. அந்தப் பொம்பளையின் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது அம்சவேணிக்கு.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோதிலிங்கம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுக் குரல் நாண் அசைவதைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிள்ளை “ஈ” என்று சொல்ல வேண்டும். “போலோ பேட்டா, ஈ.” சொல்லு என்றால் சொல்ல முடிகிற பிள்ளையாக இருந்தால் அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்? மதுமதி வாயை இழுத்தாள், கோணினாள், நாக்கை எங்கோ வைத்தாள். ஒன்றும் வரவில்லை. குழாய் உள்ளே போனதும் வலியில் அழுதாள். டாக்டருக்கு அந்த அழுகையே போதுமாக இருந்தது. திரையில் இரண்டு நாண்களும் சிவந்து வீங்கி, இடது பக்கத்தில் ரத்தம் கட்டி நிற்பதைக் காட்டினார்.

பத்து நாள் ஏக்தம் சுப் என்றார். பேசக்கூடாது, கத்தக்கூடாது, அழக்கூடாது, குசுகுசுவென்று பேசுவதும் கூடாது. ரத்தக்கட்டு கரைந்தால் சரி. கரையாமல் கெட்டியானால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். இத்தனை சின்னத் தொண்டையில் கத்தி வைத்த பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

வெளியே வந்து ரோஹிணிக்குப் போன் செய்தாள்.

“டாக்டர் சொல்றதுதான் சரி. பத்து நாள் வாயைத் திறக்காம இருந்தா ஒண்ணு ரெண்டு வார்த்தை நழுவலாம். திரும்பப் பிடிச்சுக்கலாம், பயப்படாதீங்கோ.”

‘நழுவலாம்’ என்பது வரைக்கும்தான் அம்சவேணிக்குக் கேட்டது. பிள்ளை பேசினால் தொண்டை போகும். பேசாமல் இருந்தால் இரண்டு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பதினொன்றும் போகும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்து, பிள்ளை தூங்கின பிறகு, புருஷனிடம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“நானேதானுங்க கெடுத்தேன். அந்தக் கிரைண்டர்ப் பக்கத்துல உக்கார வெச்சு, சத்தமாச் சொல்லு சத்தமாச் சொல்லுன்னு உசுர வாங்கிப் போட்டேனுங்க.”

ஜோதிலிங்கம் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கின சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கை நின்றது.

“ஒரு நாளைக்கி மாவாட்டாட்டி என்ன, குடியா முழுகிப் போயிரும்? புள்ளைய உட மாவு பெருசாப் போச்சா உனக்கு?”

தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனான். குழாயடியில் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நானும் இந்தச் சத்தத்துலயேதான் உக்காந்து சோறு உண்டேன். சத்தமாப் பேசுதுன்னு மெச்சிக்கிட்டுல்ல இருந்தேன். உன்னையச் சொல்லி என்ன ஆவுது.”

“அவ சொன்ன வார்த்தையெல்லாம் போயிருமாட்ட இருக்குதுங்க.”

“போவாது.”

“போயிட்டா?”

“போவாதுங்கறேன் புள்ள. சும்மா இரு.”

அவன் குரலிலும் தெம்பில்லை. காலையில் கிரைண்டரைத் தோளில் தூக்கி, நான்கு மாடி இறங்கி, வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டு, படிக்கட்டுக்கு அடியில் வைத்து மூடிவிட்டு டியூட்டிக்குப் போனான்.

பிள்ளை பேசக்கூடாது என்றால் அந்த வீட்டில் யாருமே பேசக்கூடாது என்று அம்சவேணி முடிவு செய்தாள். அவள் பேசினால் பதில் சொல்லப் பிள்ளை வாய் திறக்கும் அல்லவா. டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. மாவு இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினாள். படிக்கத் தெரிந்தவர்களும் தட்டினார்கள். பக்கத்துச் சந்தில் தங்கிப் படிக்கிற தர்மபுரிப் பெண் கவிப்ரியா மட்டும் விஷயம் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு பெட்டி வண்ணப் பென்சிலைக் கதவோரம் வைத்துவிட்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனாள்.

பேச்சை நிறுத்தி விடலாம். அழுகையை எப்படி நிறுத்துவது? ஐந்து வயதுப் பிள்ளை நாளைக்கு நாலு தடவை அழத்தான் செய்யும். விழுந்தால் அழும், பசித்தால் அழும், தலை வாரினால் அழும். அம்சவேணி தலை வாருவதையே விட்டாள். குளிப்பாட்டினால் குளிருக்கு அழுமோ என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கேட்டதெல்லாம் கொடுத்தாள். இடித்துக்கொண்டு அழக்கூடாது என்று கட்டில் மூலையில் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினாள். பிள்ளை முகம் கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் கை வேலையாக இருந்தாலும் கண் அங்கேதான். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று போயிற்று. பிள்ளைக்கும் இது ஒரு விளையாட்டுப் போல இருந்தது. வாயில் விரல் வைத்து அம்மாவுக்குக் காட்டிச் சிரித்தது, சத்தமில்லாமல்.

ஆறாம் நாள் சாயங்காலம் கீழே சந்தில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. அது கல்யாண மாதம். பேண்டு வாத்தியம் தொலைவில் கேட்டபோதே அவள் ஜன்னலைச் சாத்தினாள். பால்கனிக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். பிள்ளை அங்கே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் அது ஆயிரம் வெடியாக வெடித்தது. மதுமதி திரும்பி ஓடி வந்தாள். முகமெல்லாம் வாயாக இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாயிற்று, அடுத்து அலறல்தான்.

அம்சவேணி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.

ஒரு கையால் பின்தலையைப் பிடித்து, மறு கையால் அழுத்திப் பொத்தினாள். உள்ளங்கையில் சூடான மூச்சு முட்டியது. பல் பட்டது. பிள்ளை திமிறியது. “வேண்டாஞ் சாமி, வேண்டாம், வேண்டாம்” என்று காதில் சொல்லிக்கொண்டே விடாமல் பிடித்திருந்தாள். வெடி ஓய்ந்து, வாத்தியம் தெரு திரும்பிப் போகிறவரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது பிள்ளை அழவில்லை. உதட்டைச் சுற்றி நான்கு விரலும் பதிந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. அப்படி ஒரு பார்வையை அம்சவேணி அதுவரை பார்த்ததில்லை. வெடிக்குப் பயந்த பிள்ளை இப்போது தன்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பிறகு மதுமதி வாயைத் திறக்கவே இல்லை. விரல் வைத்துக் காட்டிச் சிரிப்பது நின்றது. சோற்றுக்கும் உதட்டைக் கொஞ்சமாக விலக்கி, கரண்டி போனதும் மூடிக்கொண்டாள். அப்பா டியூட்டி முடிந்து வந்தால் ஓடிப்போய்த் தொப்பியைப் பிடுங்குகிறவள், உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தாள். தூக்கத்தில்கூட உதடு இறுகியிருந்தது.

“நான் வாயப் பொத்தீட்டேனுங்க,” என்றாள் அம்சவேணி புருஷனிடம்.

“நல்லதுக்குத்தான பொத்துன.”

“அது அவளுக்குத் தெரியுமுங்களா?”

ஜோதிலிங்கம் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். தினமும் ஆயிரம் பேரைத் தொட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவன். பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

“பத்து நாளுங்கறது போயிரட்டும். அப்பறம் பாக்கலாம்,” என்றான்.

பதினோராம் நாள் மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை குழாய் போகும்போது மதுமதி அழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ரத்தக்கட்டு கரைந்துவிட்டது, வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது என்றார். கத்தி வேண்டாம், மெதுவாகப் பேசலாம், கத்த மட்டும் கூடாது. ஜோதிலிங்கம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அம்சவேணிக்குப் பாதி உயிர்தான் திரும்பி வந்தது. அங்கிருந்து நேராக லக்ஷ்மிபாய் நகருக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

ரோஹிணி தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை எதிரே வைத்து, தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். “பூ.” மதுமதி பார்த்தாள். “மா... மா.” பார்த்தாள். பொம்மையைக் காட்டினாள், பலூனைக் காட்டினாள், பிஸ்கட்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். உதடு பிரியவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று.

“மறந்துட்டாளுங்களா மேடம்?”

“தெரியலை. மறந்திருக்கலாம். இல்ல, பேச பயமா இருக்கலாம். வெளியிலேந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கேக்காதீங்கோ. சொல்லு சொல்லுன்னு யாரும் கேக்கவே வேண்டாம். நீங்க எப்பவும் போல உங்க வேலையைப் பாருங்கோ.”

எப்போதும் போல இருப்பது எப்படி என்று அம்சவேணிக்கு மறந்தே போயிருந்தது. ஆனாலும் ஊறப்போட்டாள். படிக்கட்டுக்கு அடியில் கிரைண்டருக்குக் கரண்டு இழுத்துக் கொடுத்தாள் வீட்டுக்கார அம்மாள். மறுநாள் மத்தியானம், மேலே பிள்ளையோடு ஜோதிலிங்கம் இருக்க, கீழே உட்கார்ந்து ஆட்டினாள். மாவைத் தள்ளிவிடுகிற கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. போயிற்று, எல்லாம் போயிற்று, நானே என் கையால் பொத்தி உள்ளே அமுக்கிவிட்டேன் என்றே மனசு அரற்றிக்கொண்டிருந்தது.

ஆட்டி முடித்து நிறுத்தினாள். வாங்கிப் போக கவிப்ரியா தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

“பாப்பா எப்பிடிக்கா இருக்கா?”

“தொண்டை ஆறிப்போச்சு கண்ணு. பேச்சுத்தான் வரல.”

“வருங்க்கா.”

அம்சவேணி குனிந்து மாவை அள்ளினாள். படிக்கட்டில் மேலே எங்கேயோ ஒரு சின்னப் பெண், “ம்மா” என்றது. மெல்லிசான, பிசிறில்லாத குரல். பிஹூ அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அம்சவேணி இரண்டாவது கரண்டி அள்ளினாள். “ம்மா,” என்றது மறுபடியும். கொடுத்து வைத்தவள், எவளோ ஒருத்தி, கூப்பிடுகிற பிள்ளைக்கு என்ன என்று கேட்டால் என்னவாம் என்று எரிச்சல் வந்தது. தலையைத் தூக்கவில்லை.

கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லை என்று மூன்றாவது தடவை அந்தக் குரல் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தியது. கத்தலின் ஓரத்தில் ஒரு கமறல் விழுந்தது.

கரண்டி கையிலிருந்து விழுந்தது. அது தெரிந்த குரல். பெற்ற பிள்ளையை, தொண்டை கெட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. முதல் மாடி வளைவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலைந்த தலையோடு மதுமதி நின்றாள். அப்பன் பின்னாலேயே இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். நான்காம் தடவைக்குப் பிள்ளை மூச்சை இழுத்தது.

அம்சவேணி மாவுக் கையோடு படியேறி ஓடினாள். வாயைப் பொத்தத் தூக்கின கையைப் பாதி வழியிலேயே கீழே போட்டாள். முட்டி போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

“கத்தாத சாமி. கேட்டுருச்சு. அம்மாளுக்குக் கேட்டுருச்சு. மெல்லக் கூப்புடு, போதும்.”

பிள்ளை அவளைப் பார்த்தது. கூப்பிடவில்லை. அம்சவேணி காத்திருந்தாள். கீழே கவிப்ரியா பாத்திரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மாவு விரல்நுனியிலிருந்து படியில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லு என்று கேட்டுவிடக்கூடாது என்று அம்சவேணி தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ம்மா,” என்றது பிள்ளை, மெதுவாக, யாருடைய குரல் போலவும் இல்லாமல்.

“என்ன கண்ணு,” என்றாள் அவள்.